முகாமிட்ட இடத்தில் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சென்னையிலிருந்து ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ கொல்லிமலைக்கோ காரில் டென்ட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம். கார் கிளம்பவில்லை, டென்ட்டுக்குள் ஈரம், அடுப்பு எரியவில்லை. கோளாறு தெரிவது மலையில். அது உண்டானது அநேகமாக இங்கே. வாரம் முழுவதும் வெயிலில் நின்ற கார், கடற்காற்றில் பூத்துப்போன பேட்டரி முனை, மொட்டை மாடிக்குக் கீழே பரணில் வெந்த டென்ட், வெள்ளிக்கிழமை இரவு அவசரத்தில் திணித்த டிக்கி.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து பணம் தின்னும் காரணம் வரை வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதற்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், டயர் காற்றை அளக்கும் கருவி, ஜம்பர் கேபிள், உதிரி ஃப்யூஸ்கள், இடுக்கி, ஒரு சின்னப் புட்டியில் சோப்புத் தண்ணீர். சோப்புத் தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான் பிறகு அதைக் கடன் கேட்பார்கள்.

## காலையில் கார் கிளம்பவில்லை

### சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும்

முதலில் பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் முறுக்குங்கள், பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கலாம்; திருவான்மியூர், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிற்கும் கார்களில் அது சீக்கிரமே வரும். அப்படியிருந்தால் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், நேர்முனையை அடுத்து. சமையல் சோடா கலந்த வெந்நீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். துடைத்து உலரவிட்டு, மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

முனைகள் சுத்தமாக இருந்தும் அதே சத்தம் என்றால் மல்டிமீட்டரை வையுங்கள். இரவெல்லாம் அணைத்து வைத்திருந்த பேட்டரி நல்ல நிலையில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் இரவில் ஏதோ குடித்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டிய வரிசை: திறந்தே கிடந்த டிக்கிக் கதவும் அதன் விளக்கும், பாட்டுக்காகப் பாதிச் சாவியில் விட்ட ஸ்டீரியோ, நிறுத்திய பிறகும் பதிவு செய்துகொண்டிருக்கும் டேஷ் கேமரா, கடைசியாக 12 வோல்ட் ஃபிரிட்ஜ். சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர் மணி அளவில்தான் இருக்கும். சராசரியாக 2 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர் மணியைக் காலி செய்துவிடும். மிச்சம் இருப்பதை வைத்து ஸ்டார்ட்டர் சுற்றாது. இரவில் ஃபிரிட்ஜ் ஓட வேண்டுமென்றால் அதற்குத் தனி பேட்டரி வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

உடனடித் தீர்வு ஜம்பர் கேபிள். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் நேர்முனைக்கு, அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனைக்கு. கறுப்பு நல்ல பேட்டரியின் எதிர்முனைக்கு, அதன் மறுமுனை செத்த காரின் எஞ்சினில் வண்ணம் பூசாத இரும்புப் பகுதிக்கு, பேட்டரியிலிருந்து தள்ளி. உதவும் காரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு உங்கள் காரைக் கிளப்புங்கள். கியர் மாற்றும் கார் என்றால் தள்ளியும் கிளப்பலாம்: சாவி 'ஆன்', இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி தள்ளி, வேகம் வந்ததும் விடுவது. சரிவில் செய்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். தானியங்கி கியர் கார்களில் இந்த வேலை வேண்டாம்.

கிளம்பியதும் எஞ்சின் ஓடும்போது மீண்டும் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி, சார்ஜ் செய்கிறது. அணைத்தபோது காட்டியதைவிட ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. அந்த வண்டியை எங்கேயும் அணைக்காமல், ஏசியும் விளக்கும் குறைத்து, நேராக மெக்கானிக்கிடம் ஓட்டுங்கள். பேட்டரிக்கு மூன்று வயது கடந்திருந்தால் சென்னை வெயிலில் அது உழைத்தது போதும். பயணத்துக்கு முன்பே கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

### சத்தமே இல்லை

கிளட்ச் முழுவதும் மிதிபட்டிருக்கிறதா, தானியங்கி என்றால் கியர் 'பார்க்'கில் இருக்கிறதா என்று பாருங்கள். அவமானமாக இருந்தாலும் பாருங்கள். பொத்தான் அழுத்திக் கிளப்பும் காரில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல கார்களில் சாவியையே பொத்தானுக்கு நெருக்கிப் பிடித்தபடி அழுத்தினால் கிளம்பும். அதுவும் இல்லையென்றால் பேட்டரி முனைகள், பிறகு ஃப்யூஸ். இவை எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதற்கு மின்சாரம் திறந்துவிடும் சுவிட்சான ரிலே. இழுவை வண்டிதான்.

### எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

டேங்க் கால் பங்குக்குக் கீழே இருந்து, கார் சாய்வாக நின்றால், எரிபொருள் பம்ப்புக்கு எட்டாமல் போகலாம். சமதளத்துக்குத் தள்ளி மறுபடி முயலுங்கள். அடுத்தது எலி. அடுக்குமாடி அடித்தளத்தில் பல நாள் நின்ற காரில் பானெட்டுக்குக் கீழே தேங்காய் நார், பிளாஸ்டிக் துணுக்கு, எலிப் புழுக்கை தெரிந்தால், கம்பிகளின் உறையை விளக்கடித்துப் பாருங்கள். கடித்த கம்பியை டேப் சுற்றி ஒப்பேற்றலாம் என்று தோன்றும். விளக்குக் கம்பியென்றால் சரி. எஞ்சினுக்குப் போகும் கம்பிக் கட்டாக இருந்தால் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## மலை ஏறும்போது வெப்ப முள் மேலே போகிறது

சிவப்பைத் தொடும் முன்பே செய்ய வேண்டியது: ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று குடும்பமே கத்தும். கத்தட்டும், எஞ்சினின் சூடு அந்த வழியாகவும் வெளியேறும். கீழ் கியரில் நிதானமாக ஏறுங்கள். முள் சிவப்பில் நின்றால் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

### நிற்கும்போது ஏறுகிறது, ஓடும்போது இறங்குகிறது

மின்விசிறிதான். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஏசியைப் போட்டு விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், அடுத்து ரிலே, அடுத்து மோட்டார். ஃப்யூஸ் மாற்றும்போது அதே ஆம்பியர். பெரிய எண் போட்டால் அடுத்து எரிவது கம்பி.

### ஏறும்போது ஏறுகிறது

ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் இல்லையென்றால் குறைவு. அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம். ஊருக்குத் திரும்பியதும் முறையான கூலன்ட் மாற்றிவிடுங்கள். நம் போர்வெல் உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே படியும் சுண்ணாம்பு ரேடியேட்டரை அடைக்கும்.

மட்டம் சரியாக இருந்தால் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பூச்சியும் தூசியும் அடைத்த ரேடியேட்டர் மூச்சுவிடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற கார்களைச் சர்வீஸுக்கு விட்டு எஞ்சினைச் சரி செய்தவர்கள் பலர் ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அதிக அழுத்தம் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இவை எல்லாம் சரி என்றால் தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் குழைந்திருந்தாலோ, புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போயிருக்கிறது. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் செலவு பல மடங்காகும். இழுத்துச் செல்லுங்கள்.

## இறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாடை

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் வாடை வராமல் என்ன செய்யும்? ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தானியங்கியில் 'எல்' அல்லது கையால் மாற்றும் நிலை.

வாடை மட்டும் என்றால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக்கோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மேலே தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

மிதி பஞ்சுபோல உள்ளே போனால் பிரேக் திரவம் கொதித்திருக்கிறது. ஆறிய பிறகு மிதி கெட்டியாகிவிட்டால் முதல் கியரில் கீழே இறங்கி, அடுத்த வேலையாகத் திரவத்தை மாற்றுங்கள். அது ஈரத்தை இழுக்கும் பொருள். சென்னைக் காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விட்டு வைக்கக் கூடாது. ஆறியும் மிதி கெட்டிப்படவில்லை, டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறது, சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறது, மிதித்தால் இரும்பு உரசும் சத்தம் வருகிறது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தக் கார் மலையிலிருந்து தன் சக்கரத்தில் இறங்கக் கூடாது.

## பின்புறம் தாழ்ந்திருக்கிறது, வளைவில் ஆடுகிறது

இதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. எனக்கு மிகவும் எரிச்சல் தருவதும் இதுதான். எதிரே வரும் வண்டிகள் எல்லாம் உங்களைப் பார்த்து விளக்கடித்தால், உங்கள் முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கிறது என்று பொருள். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறிய சக்கரம் இருக்கும். பாரத்துக்கு ஏற்ப அதைக் கூட்டுங்கள். விளக்கு கீழே இறங்கும். அதைத் தொட்டே பார்க்காமல் காரை விற்றவர்கள் உண்டு.

அடுத்து காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், முழுப் பாரத்துக்கான அழுத்தம் தனியாகப் போட்டிருக்கும்; பின் சக்கரத்துக்கு அது பெரும்பாலும் அதிகம். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து. அதை எட்டிப் பார்த்தால் சிலந்தி குடியிருக்கும், காற்று இருக்காது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும், வயதாகி பக்கவாட்டில் விரிசல் விட்ட டயர் வெயில் நேர நெடுஞ்சாலைக்கு ஆகாது.

காற்று சரி, இன்னும் தாழ்கிறது என்றால் எடை. கார்க் கையேட்டில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். வரும் எண்ணில் ஆட்களும் அடக்கம். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே சிறிய காரில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தண்ணீர் கேன் ஒன்றுக்கு 20 கிலோ. மூன்று கேன் ஏற்றுவது இன்னொரு ஆளை ஏற்றுவது. முகாம் இடத்துக்குப் பக்கத்தில் கடை இருந்தால் அங்கே வாங்குங்கள். கனமானது எல்லாம் டிக்கியின் தரையில், பின் இருக்கையின் முதுகை ஒட்டி. இலேசானது மேலே. கூரை ரேக்கில் டென்ட், மெத்தை, பாய் போன்றவை மட்டும். பல கார்களுக்குக் கூரையின் வரம்பு 50 முதல் 75 கிலோ, அதில் ரேக்கின் எடையும் சேரும். தண்ணீர் கேனையும் அடுப்பையும் கூரையில் கட்டியவர் வளைவில் ஆடத்தான் செய்வார்.

எடையும் சரி என்றால் ஷாக் அப்சார்பர். காரின் மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒன்றரை ஆட்டத்துக்கு மேல் ஆடினால் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் கசிந்த கறையும் தெரியலாம். ஜோடியாக மாற்ற வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிபாகக் கடைகளில் ஸ்பிரிங் இடுக்கில் செருகும் ரப்பர் துண்டை வைத்துக் காரைத் தூக்கிக் காட்டுவார்கள். உயரம் கூடும், எடை குறையாது, பிரேக்கும் வலுப்படாது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

## சக்கரம் மணலில் புதைகிறது

ஆக்ஸிலேட்டரை விடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அங்குலம் கீழே போகிறீர்கள். எல்லோரையும் இறக்குங்கள், சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாருங்கள், டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், காரின் கால் மிதியடிகளை எஞ்சின் இயக்கும் சக்கரங்களுக்குக் கீழே செருகுங்கள். வந்த வழியிலேயே பின்னோக்கி, யாரையும் மிதியடிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கவிடாமல், மெதுவாக எடுங்கள். சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது.

வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டர்தான். கிராமத்தில் கேட்டால் யாராவது வருவார்கள். இழுக்கும் வளையம் பம்பரில் வெளியே தெரியாது. ஜாக்கியோடு டிக்கியில் கிடக்கும் அந்த இரும்புக் கொக்கியைப் பம்பரில் உள்ள சிறிய மூடியைத் திறந்து முறுக்கி மாட்ட வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பம்பரிலேயே கயிற்றைக் கட்டி இழுத்து, பம்பர் மட்டும் தனியாக வந்த கதைகள் நிறைய.

கடற்கரை மணலில் காரை இறக்குவதே தவறு. சென்னைக் கரையில் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம்.

## 12 வோல்ட் சாக்கெட்டில் எதுவும் ஓடவில்லை

உள்ளே நாணயமோ, உடைந்த சார்ஜர் துண்டோ கிடக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். வேறொரு கருவியைச் செருகுங்கள். பிறகு ஃப்யூஸ். பெரும்பாலான சாக்கெட்டுகளுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான். மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்ப்பையும் ஃபிரிட்ஜையும் பிரிப்பானில் சேர்த்துச் செருகினால் அது உருகத்தான் செய்யும். உருகிய ஃப்யூஸை மாற்றியதும் உடனே மறுபடி உருகினால் கம்பியில் எங்கோ உரசல் இருக்கிறது, எலெக்ட்ரீஷியன். சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகியிருந்தால் அதை உபயோகிப்பதை நிறுத்துங்கள்.

## காலையில் டென்ட்டுக்குள் ஈரம்

டென்ட் ஒழுகுகிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு டென்ட் ஒழுகவில்லை. ஈரம் எங்கே இருக்கிறது என்பதை விரலால் தடவிப் பாருங்கள். பதில் அங்கேயே இருக்கிறது.

### கூரையின் உட்புறம் முழுவதும் சன்னமான துளிகள்

அது உங்கள் மூச்சு. குளிருக்கு பயந்து எல்லா ஜிப்பையும் மூடிவிட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். மேல் ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கீழ்த் திறப்பையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஈரத்துணியையும் ஷூவையும் உள்ளே வைக்காதீர்கள். ஓடை, குளம் ஓரமாகப் பள்ளத்தில் அடிப்பதைவிட மேட்டில் அடியுங்கள். வெளித் துணியைக் கயிற்றால் நன்றாக இழுத்துக் கட்டினால் உள்துணியைத் தொடாது. தொடுகிற இடத்தில் துளி உள்ளே இறங்கும்.

### தரை மட்டும் ஈரம்

டென்ட்டுக்குக் கீழே விரித்த தார்ப்பாய் டென்ட்டைவிடப் பெரியதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? கூரையில் வழியும் மழை அதில் விழுந்து நேராக உங்களுக்குக் கீழே ஓடுகிறது. நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தார்ப்பாயே தெரியக் கூடாது. தார்ப்பாய் உலர்ந்திருந்தும் தரை நனைந்தால் தரைத் துணியில் ஓட்டை. உள்ளே ஆள் நின்று விளக்கடிக்க, வெளியிலிருந்து பார்த்தால் புள்ளியாக வெளிச்சம் தெரியும்.

### தையல் ஓரமாகக் கோடு போட்டது போல

தையலுக்கு மேல் ஒட்டியிருக்கும் நாடா உரிந்திருக்கிறது. முழுவதையும் பிய்த்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் பூச்சைத் தடவி ஒரு நாள் உலரவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்தில் மொட்டை மாடியில் டென்ட்டை விரித்து, மேலிருந்து குழாயில் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருவரை உட்காரவைத்துச் சோதியுங்கள். பிள்ளைகள் அந்த வேலைக்குச் சண்டை போடுவார்கள்.

### துணி பிசுபிசுக்கிறது, புளித்த நாற்றம்

இதற்கு வைத்தியம் அநேகமாக இல்லை. உட்பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்துவிட்டது; சென்னையில் டென்ட்டுகள் சாகும் வழி இதுதான். பூச்சைச் சுரண்டி மறுபடி பூசலாம். அந்த உழைப்புக்கும் செலவுக்கும் மலிவான புது டென்ட் வந்துவிடும். கைவசம் இருப்பதை இந்தப் பயணத்துக்கு ஒப்பேற்ற, மேலே தனியாக ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள்.

அடுத்த டென்ட் இந்த கதிக்கு வராமலிருக்க: திரும்பி வந்த அன்றே விரித்து, தொட்டால் மொரமொரவென்று இருக்கும்வரை நிழலில் காயவிடுங்கள். அது வந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய வேட்டியில் தளர்வாக முடிந்து, பரணில் அல்லாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்மாடி வீட்டுப் பரணில் மே மாதத்தில் கையை விட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

## முளை நிற்கவில்லை, ஜிப் மூடவில்லை

டென்ட்டோடு வரும் மெல்லிய முளைகள் ஜவ்வாது மலையின் கல் கலந்த தரையில் முதல் அடியிலேயே வளையும். தெருமுனை வெல்டிங் பட்டறையில் 8 மில்லிமீட்டர் கம்பியை ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டி, தலையை வளைத்து, நுனியைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். ஆயுளுக்கும் வரும். மணலில் முளையே வேண்டாம். பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள்.

ஜிப் ஓடுகிறது ஆனால் பின்னால் பிளந்துகொள்கிறது என்றால் இழுவை தளர்ந்திருக்கிறது. அதன் இரண்டு ஓரங்களையும் இடுக்கியால் மயிரிழை நெருக்குங்கள். அதிகம் நெருக்கினால் உடையும். நகரவே மறுத்தால் மெழுகுவர்த்தியைத் தேய்க்கவும். பல் விழுந்திருந்தால் பை தைப்பவரிடம் போகும் வேலை.

## நள்ளிரவில் மெத்தை தரையைத் தொடுகிறது

முதலில் சந்தேகிக்க வேண்டியது ஓட்டையை அல்ல, குளிரை. மாலை வெப்பத்தில் அடைத்த காற்று இரவில் சுருங்கும். படுக்கும் முன் ஒருமுறை மேலே அடித்து நிரப்புங்கள். காலைக்குள் மறுபடி தொய்ந்தால் மூடியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், பிறகு தையல்கள், பிறகு மேற்பரப்பு. ஓட்டை கிடைத்தால், வெல்வெட்டுப் போன்ற மேல்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு பிவிசிக்கான பசையால் ஒட்டுங்கள். சைக்கிள் டியூப் ஒட்டும் பசை இதில் பிடிக்காது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் தையல் விட்டு மெத்தை ஒரு பக்கம் வீங்கினால் தூக்கி எறியுங்கள்.

மெத்தை நன்றாக இருந்தும் முதுகு விறைக்கிறதா? உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்துவிடுகிறது. போர்வையை மேலே எத்தனை அடுக்கினாலும் பயனில்லை. மெத்தையின் மேல் கோரைப்பாயும் அதன் மேல் பவானி ஜமுக்காளமும் விரித்தால் ஏலகிரியின் ஜனவரி இரவுக்குப் போதும். நான் கண்டவற்றில் விலைக்கும் பலனுக்கும் இதை மிஞ்சியது இல்லை.

## அடுப்புத் தீ மெலிந்து அணைகிறது

காற்றா என்று பாருங்கள். டிக்கிக் கதவுக்குப் பின்னால் நகர்த்துங்கள். அதற்காகத் தகடுகளால் அடுப்பைச் சுற்றி மூடிவிடாதீர்கள், அடுப்பில் செருகிய பியூட்டேன் வாயு உருளையும் சேர்ந்து சூடாகும். உருளையின் மேல்வரை நீளும் பெரிய பாத்திரம், தோசைக்கல் எல்லாம் இந்த அடுப்பில் கூடாது, அதே காரணத்துக்காக.

காற்று இல்லை, உருளையில் வாயுவும் மிச்சம், தீ மட்டும் மெலிகிறது என்றால் அதிகாலைக் குளிர். பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழேதான் ஆவியாகத் தொடங்குகிறது. பத்து டிகிரியில் அதற்கு வேகம் போதாது. உருளையைக் கழற்றி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்துங்கள். நெருப்பில் காட்டுகிற வீரம் வேண்டாம்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரில் தூசியோ சிலந்திக் கூடோ. ஊசியும் பிரஷும் போதும். வாயு நாற்றம் வந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீர். குமிழி எழுந்தால் ரப்பர் வளையம் போயிருக்கிறது, அடுப்பை மூட்டை கட்டுங்கள். எந்தக் குளிரிலும், எந்த மழையிலும் டென்ட்டுக்குள் அடுப்பு எரிப்பதும் கரியைத் தணலாக வைத்துக்கொள்வதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. யாருக்காவது தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே வெளியே தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள்.

உருளைகளை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். பெரும்பாலானவற்றின் மேல் 50 டிகிரி என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். மே மாதம் மூடிய கார் அதைத் தாண்டும்.

## ஐஸ் பெட்டி ஒரே நாளில் வெந்நீர்த் தொட்டி

முதல் நாள் இரவே பெட்டிக்குள் ஐஸ் போட்டுக் குளிரவையுங்கள். பரணிலிருந்து எடுத்த சூடான பெட்டி, ஐஸின் பாதியைத் தனக்கே தின்றுவிடும். பொடி ஐஸ் வேண்டாம், பெரிய கட்டி அல்லது உறையவைத்த தண்ணீர் பாட்டில். பாட்டில் உருகினாலும் குடிக்கலாம். மீன் சந்தைக் கட்டி ஐஸ் மலிவுதான். அதை உணவிலோ பானத்திலோ நேரடியாகப் போடாதீர்கள். குளிர்பானத்துக்குத் தனிப் பெட்டி, சமையலுக்குத் தனிப் பெட்டி. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது முதலாவதை. கறியும் மீனும் இருக்கும் பெட்டியில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

## இருட்டில் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை

கட்டைப்பையும் சாக்கும் வேண்டாம். ஒரே அளவு பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. சமையல், படுக்கை, கருவிகள். உள்ளிருக்கும் பொருட்களின் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் வேண்டியது கடைசியாக ஏற்றப்பட வேண்டும்: டார்ச், டென்ட், சுத்தியல், மழைத் தார்ப்பாய். ஜாக்கியும் ஸ்டெப்னியும் எல்லா மூட்டைக்கும் அடியில் இருந்தால், பஞ்சர் ஆன இடத்தில் நெடுஞ்சாலை ஓரம் உங்கள் குடும்பச் சொத்தெல்லாம் கடை பரப்பும். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் முன் இருக்கைக்குக் கீழே மாற்றிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

## நள்ளிரவில் யாரோ டென்ட்டைத் தட்டுகிறார்

வனக்காவலராக இருக்கும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறியவர்கள் இறந்த பிறகு அதே ஆண்டு மலையேற்றத்துக்கான விதிகளும் வந்தன. வாதாட வேண்டாம், சொன்னபடி மூட்டை கட்டி, அருகிலுள்ள ஊருக்கு இறங்குங்கள். அணையாத கரி இருந்தால் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

இது வராமலிருக்க: தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரின் சம்மதமும் அந்த நிலம் காட்டெல்லைக்குள் இல்லை என்ற உறுதியும் வேண்டும். காட்டுக்குள் நடக்க ஆசையிருந்தால் 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியோடு முன்பதிவு செய்யலாம். நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. முதுமலையைத் தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். அனுமதி, இ-பாஸ், முன்பதிவு எதுவானாலும் காகிதத்தில் அச்சிட்டு டேஷ்போர்டில் வையுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் இருக்காது.